கைவேலை என்ற சால்ஜாப்பு

சென்ற மாதம் ஒரு கவிஞ நண்பருடன் மனஸ்தாபம் ஏற்பட்டுவிட்டது. காரணம் கவிதை அல்ல, சட்டை.

கூட்டத்துக்கு அவர் புதிதாக வாங்கிய சட்டை ஒன்றை அணிந்து வந்திருந்தார். நகரத்தின் ஒரு டிசைனர் கடையில் வாங்கியது. அவுரியில் கையால் முக்கிய நீலம். மார்புப் பையின் மேல் கலம்காரியில் ஒரு பெண் முகம். காலரைச் சுற்றி வங்காளத்துக் காந்தா தையல். விலையைக் கொஞ்சம் வெட்கத்தோடும் நிறையப் பெருமையோடும் சொன்னார். அது அவர் விஷயம். என் அபிப்பிராயத்தைக் கேட்டார்; சொன்னேன். நீலம் பரவாயில்லை. முகம் மோசம். கோடு கனக்க வேண்டிய இடத்தில் இளைத்திருக்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் சொட்டி ஊறியிருக்கிறது. வரைந்தவர் கண்ணை வரையவில்லை, நேற்று இருபது பைகளில் வரைந்த கண்ணை இருபத்தொன்றாவது தடவையாக இறக்கி வைத்திருக்கிறார். காந்தா என்பது பழைய புடவைகளை அடுக்கி ஒன்றாய்ப் பிணைக்கிற தையல். அடுக்கு இருப்பதால்தான் அதில் அந்தச் சிறு சுருக்கமும் மேடுபள்ளமும் வருகின்றன. இந்தக் காலரில் பிணைக்க எதுவும் இல்லை. தையல் சும்மா நடந்து போகிறது. இவ்வளவுதான் நான் சொன்னது.

நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. "என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க? கையால பண்ணினது சார். யாரோ ஒரு ஏழை உட்கார்ந்து கண்ணு பூத்துப்போகப் பண்ணியிருக்கான்" என்றார். பிறகு, என் வாயை அடைக்கிற சாட்சியம் என்ற தோரணையில், சட்டையின் உள்பக்கம் தைத்திருந்த லேபிளைக் காட்டினார். இந்த ஆடையில் தென்படும் ஒழுங்கின்மைகள் குறைகள் அல்ல, கைவேலையின் தனி அழகு என்று அதில் அச்சிட்டிருந்தது.

இதே நண்பர் சில மாதங்களுக்கு முன்னால் ஓர் இளைஞரின் முதல் தொகுதியை இரண்டே பக்கத்தில் தீர்த்துக் கட்டியவர். 'உணர்ந்து எழுதியது' என்பது கவிதைக்குத் தகுதி ஆகாது என்று அதில் எழுதினார். சரியாகவே எழுதினார். அந்த இளைஞரும் ஏழைதான். அவரும் கையால்தான் எழுதினார். புத்தகத்தின் பின்னட்டையில் 'இதில் காணும் யாப்புப் பிழைகளும் சொற்பிழைகளும் பிழைகள் அல்ல, கவிஞரின் தனி அழகு' என்று ஒரு வரி போட்டிருந்தால் நண்பர் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஒரு மனிதரின் முரண்பாட்டைப் பெரிதுபடுத்துவது என் நோக்கமில்லை. நம் வட்டத்தில் அநேகமாக எல்லோரும் இப்படித்தான் இருக்கிறோம். கவிதையில், நாவலில், சினிமாவில் தரம் பார்க்கிறோம். துணி என்று வந்தவுடன் பார்வையைக் கழற்றி வைத்துவிட்டுக் கருணையை மாட்டிக்கொள்கிறோம். சாயம் தோய்த்தவனும் ஊசி பிடித்தவளும் கலைஞர்கள் என்று மேடையில் சொல்வோம். ஆனால் கலைஞனுக்குச் செய்ய வேண்டிய முதல் மரியாதையை, அவன் செய்தது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கூர்ந்து பார்க்கும் மரியாதையை, அவர்களுக்குச் செய்ய மாட்டோம். இந்தக் கருணையினால் லாபம் அடைகிறவர் கடைக்காரர். நஷ்டம் அடைகிறவர், அந்தத் தொழிலில் நன்றாகச் செய்யத் தெரிந்தவர். நான் சொல்ல வந்தது இதுதான்.

அந்த லேபிளுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. சென்னைக்கே உரிய கதை. 1958-இல் அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன் சென்னைக்கு வந்து, பிற்பாடு லீலா ஹோட்டல்களால் பெயர்பெற்ற கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கட்டம்போட்ட கைத்தறித் துணி வாங்கிப் போனார். அது நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையும் கோட்டுமாக ஆயிற்று. துவைத்தால் சாயம் போகும், குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கினவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் ஒன்றோடொன்று கலந்தது, புகார்கள் வந்தன, வழக்குப் போடுவதாகப் பேச்சு எழுந்தது. அப்புறம் விளம்பரக்காரர்கள் புகுந்தார்கள். சாயம் போகும் என்பதற்கே உத்தரவாதம் தரும் துணி என்று பிரசாரம் ஆரம்பித்தது. ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம்! குறை ஒரே இரவில் குணமாகி, 'ரத்தம் கசியும் மெட்ராஸ்' பல்கலைக்கழகத்து இளைஞர்களின் மோகமாயிற்று. நாயர் இந்தக் கதையைக் கடைசிவரை ரசித்துச் சொல்லிவந்தார்.

ரசிக்கத்தக்க கதைதான். கட்டங்கள் கலங்கி ஒன்றுக்குள் ஒன்று ஊறும்போது உண்மையிலேயே ஓர் அழகு வரலாம். அதை நான் மறுக்கவில்லை. கதையில் இல்லாத ஆள்தான் எனக்கு முக்கியம். அந்த நூலுக்குச் சாயம் ஏற்றியவர் என்ன நினைத்தார்? சாயம் போகக்கூடாது என்று பாடுபட்டுத் தோற்றாரா? போகும் என்று தெரிந்தே, அதற்கேற்ற துவைப்பை எதிர்பார்த்துச் செய்தாரா? இரண்டும் ஒன்றல்ல. முதலாவது தோல்வி, இரண்டாவது தீர்மானம். நியூயார்க்கில் போட்ட கோஷம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. அன்றிலிருந்து ஃபேஷன் உலகம் இந்தக் குழப்பத்தை வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

ஒழுங்கின்மை என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு சமாசாரங்களைத் திணித்திருக்கிறார்கள். ஒன்று, பொருளோடும் கருவியோடும் போராடும் கை விட்டுச்செல்லும் தடம். மற்றது, அவசரத்தின் தடம். இவற்றைப் பிரித்தறிய முடியாது என்பவர் காளஹஸ்தியில் கலம்காரி வரைபவர் ஒருவர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அங்கே பேனா என்பது ஒரு மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியிருக்கும். அந்தச் சுருள்தான் திரவத்தைக் குடித்து வைத்திருக்கிறது. விரலால் அதை அழுத்துகிற அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கிறது, மெலிகிறது. துணி முன்பே கடுக்காயும் பாலும் ஏறியது. பாலின் கொழுப்பு இல்லாவிட்டால் கோடு பரவிவிடும். கறுப்பு என்பது இரும்பும் வெல்லமும் போட்டு நாள்கணக்காய்ப் புளிக்கவைத்த நீர். பானையில் அது கறுப்பே இல்லை. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும்தான் கறுக்கிறது. கறுத்த பின் அழிக்க முடியாது. சிவப்புக்கு இன்னும் அதிகத் துணிவு வேண்டும். சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டுகிறார். தீட்டும்போது அங்கே சிவப்பு கிடையாது. ஓடும் நீரில் அலசி, பிறகு சாயப்பானையில் கொதிக்கவிடும்போதுதான் படிகாரம் பட்ட இடம் சிவப்பைப் பிடித்துக்கொள்கிறது. அதாவது, வரைகிறவர் இன்னும் வராத ஒரு நிறத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டு வரைகிறார். கை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிற விஷயத்தில் இத்தனை மூளை இருக்கிறது.

இந்தக் கஷ்டமெல்லாம் பட்டதால் துணி நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இத்தனை இடங்களில் தீர்மானம் எடுக்க வேண்டியிருப்பதால்தான் நல்ல கலம்காரிக்கும் மோசமான கலம்காரிக்கும் இடையே பெரும் பள்ளம் இருக்கிறது என்கிறேன். பேனாவில் திரவம் தீர்ந்துவரும்போது கோடு இளைப்பது இயல்பு. தேர்ந்த கை அந்த இளைப்பு இமையின் ஓரத்தில் வந்து முடியும்படி பார்த்துக்கொள்ளும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, மாலைக்குள் நூறு பை முடிக்க வேண்டிய கை, அது மூக்கின் நடுவில் இளைத்தாலும் மேலே போகும். லேபிளின் கணக்கில் இரண்டும் ஒன்று. இரண்டும் 'தனி அழகு'. அப்படியானால் அந்தக் கடை எந்தக் கையை வேலைக்கு வைத்துக்கொள்ளும்? மலிவான கையைத்தான். தரம் பிரிக்காத சந்தையில் நல்ல வேலைக்காரருக்குக் கூலி கூடுவதற்குக் காரணமே கிடையாது. நண்பரின் கருணை போய்ச் சேருகிற இடம் இது.

இன்னொன்று. ஒழுங்கின்மைதான் கையின் அடையாளம் என்றால், அதை யந்திரமும் செய்யும். இன்று டிஜிட்டல் அச்சில் பிசிறு, ஊறல், அச்சுக்கட்டை விலகிப் பதிந்த இடைவெளி எல்லாம் துல்லியமாக வந்துவிடும். ஒவ்வொரு கஜத்திலும் அதே இடத்தில் அதே 'தனி அழகு'. 2021 ஆகஸ்டில் இது ஒரு விவகாரமாகவே வெடித்தது. டிசைனர் சப்யசாசி முகர்ஜி ஹெச் அண்டு எம் என்ற பன்னாட்டுக் கடைக்காக ஒரு வரிசை உடைகளைக் கொடுத்தார். இந்தியாவின் கைவினைச் செல்வத்தின் பேரால் விளம்பரம். பூவேலைப்பாடுகள் ராஜஸ்தானத்துச் சங்கானேரின் அச்சுத் துணிகளை நினைவூட்டின. ஆனால் கைவினைஞர் யாருக்கும் அதில் வேலை இல்லை, எல்லாம் டிஜிட்டல் அச்சு. கைவினை அமைப்புகள் பல சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதின. அந்தக் கோபம் நியாயமானது. நானும் அதில் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அந்தச் சர்ச்சை முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றி நின்றது: கையா, யந்திரமா? அந்தப் பூ நன்றாக இருக்கிறதா, சங்கானேரின் பழைய பூவுக்கு அடுத்த அடி எடுத்து வைத்திருக்கிறதா, வெறும் எதிரொலியா என்ற கேள்வி எங்கே போயிற்று? அதே பூவை அதே மாதிரி கையால் அச்சிட்டிருந்தால் எல்லோரும் திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஒரு மோசமான கவிதையைத் தட்டச்சு செய்யாமல் கையெழுத்தில் தந்தால் நாம் அப்படிப் போவோமா?

இந்த வியாபாரத்துக்குத் தத்துவ ஆசீர்வாதமும் உண்டு. அது நம் பக்கத்துப் பெரியவர்களிடமிருந்து வந்தது என்பதுதான் சங்கடம். கொழும்பில் ஒரு தமிழ்த் தகப்பனாருக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமி 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றியும் 1909-இல் இந்தியக் கைவினைஞன் பற்றியும் நூல்கள் எழுதினார். மரபுக் கலைஞன் தன்னை வெளிப்படுத்தத் துடிக்கும் தனிமனிதன் அல்ல, அவன் பெயர் முக்கியமல்ல என்பது அவர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கருத்து. ஜப்பானில் யானகி சோயெத்சு 1920களில் மக்கள் கைவினை இயக்கத்தைத் தொடங்கி, பெயர் தெரியாதவன் பிரக்ஞையின்றிச் செய்த கிண்ணத்தில்தான் உயர்ந்த அழகு உண்டு என்றார். இருவரும் தொழிற்சாலை நாகரிகத்தை எதிர்த்து நின்றவர்கள். அந்த எதிர்ப்பில் சத்தியம் இருந்தது. ஆனால் குமாரசாமி சொன்ன பெயரற்றவன் தனியாள் அல்ல. அவனைச் சுற்றி ஒரு தொழிற்குழு இருந்தது. அதற்கு விதி இருந்தது. கோணலாய்ச் செய்தால் கேட்க ஆள் இருந்தது. இன்றைய ஃபேஷன் உலகம் பெயரின்மையை மட்டும் எடுத்துக்கொண்டு தொழிற்குழுவை விட்டுவிட்டது. கேட்க ஆளில்லாத பெயரின்மை வெறும் அநாமதேயம். அது டிசைனருக்கு மிக வசதி. சட்டையின் உள்ளே அவர் பெயர் இருக்கிறது. வரைந்தவருக்கு 'கைகள்' என்ற பன்மை மட்டும் மிஞ்சுகிறது.

'கைகள்' என்றதும் எண்ணிக்கை வந்துவிடும். எத்தனை கைகள், எத்தனை ஆயிரம் மணி நேரம் என்று கணக்குச் சொல்லாத ஃபேஷன் கட்டுரையை நான் பார்த்ததில்லை. ஒரு நாவலை ஆசிரியர் பதினைந்து வருஷம் எழுதினார் என்பதை நாம் நாவலின் தகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. சில நேரம் அதுவே பயத்தைக் கிளப்புகிறது. லெஹங்காவுக்கு மட்டும் மணிக்கணக்கு ஏன் விமர்சனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது? மணிக்கணக்கு விலையை நியாயப்படுத்தும். அதற்குமேல் அதற்கு வேலை இல்லை.

2020 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் ஒரு நீண்ட செய்தி வெளியிட்டது. பாரிஸ், மிலான் மேடைகளில் உலாவரும் விலையுயர்ந்த உடைகளின் மணியும் ஜரிகையும் மும்பையின் குறுகலான பட்டறைகளில், போதிய காப்பும் சலுகையும் இல்லாத தொழிலாளர்களால் தைக்கப்படுவதை அது சொன்னது. மூன்று வருஷம் கழித்து, 2023 மார்ச் 30 அன்று, கேட்வே ஆஃப் இந்தியாவின் முன்னாலேயே தியோர் தன் உடைகளை மேடையேற்றியது. மும்பையின் சாணக்யா எம்பிராய்டரி நிறுவனத்தோடு பல வருஷங்களாக வேலை செய்ததை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டது. முன்பு மறைத்ததை இப்போது சொல்வது முன்னேற்றம்தான். அதை நான் குறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த இரவைப் பற்றி இங்கே வந்த கட்டுரைகளில் நான் படித்தவை எல்லாம் ஒரே பஜனை. இந்தியக் கைவேலைக்கு உலக அங்கீகாரம்! எந்த உடையில் ஊசிவேலை துணியின் விழுப்போடு இசைந்தது, எதில் சுமையாகத் தொங்கியது என்று ஒரு வரியாவது யாராவது எழுதினார்களா? அங்கீகாரம் கிடைத்தது என்று ஆனந்தப்படுகிறவர்களுக்கு எது அங்கீகரிக்கப்பட்டது என்று பார்க்கும் அக்கறை இல்லை.

ஒரு காலத்தில் பாரிஸும் லண்டனும் நம் துணியைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை, பயந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து போன தீட்டுத் துணிகளையும் அச்சுத் துணிகளையும் பிரான்ஸ் 1686-இல் தடை செய்தது. இங்கிலாந்து 1701-லும் இன்னும் கடுமையாக 1721-லும் சட்டம் போட்டது. அவர்களுக்குத் தெரியாத வித்தை அந்தத் துணியில் இருந்தது. துவைக்கத் துவைக்க நிறம் நின்றது. 1742-இல் இந்தக் கரையில் இருந்த சேசு சபைப் பாதிரியார் கேர்து, சாயத் தொழில் தெரிந்த புதுக் கிறிஸ்தவர்களிடம் கேட்டு, கடுக்காயிலிருந்து கடைசி அலசல் வரை படிப்படியாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். தொழில் ரகசியத்தைக் கடத்தியதாக அவரைத் திட்டலாம், திட்ட வேண்டும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒற்றராகவாவது அவர் அந்தத் துணியை ஒழுங்காகப் படித்தார். ரசிகர்களாகிய நாம் அதைக்கூடச் செய்வதில்லை.

நம் ஊரில் கொள்ளிடக் கரையில் கொடாலிக் கருப்பூர் என்று ஒரு கிராமம். தஞ்சை மராட்டிய அரண்மனைக்கு அங்கே புடவை ஆயிற்று. நெசவாளி தங்க ஜரிகையை உருவங்களாக வைத்து நெய்வார். சாயக்காரர் அந்த ஜரிகை எங்கே மின்ன வேண்டும், எங்கே மங்க வேண்டும் என்று கணக்குப் பண்ணி, மெழுகால் காத்து, மேலே வரைந்து சாயம் ஏற்றுவார். இரண்டு புத்திகள் ஒரே துணியில் பேசிக்கொண்ட காரியம். 1855-இல் தஞ்சை அரசு முடிந்தது. அரண்மனை வாங்குவது நின்றது. புடவையும் அந்த நூற்றாண்டோடு முடிந்தது. ராஜாக்கள் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்வதாக யாராவது கடிதம் எழுதுவார்கள், எழுதட்டும். அங்கே இருந்தது, இப்படி வேண்டும் என்று கேட்டு வாங்கிய ஒரு ரசனை. இன்றைய டிசைனர் கடையில் எது கொடுத்தாலும் 'ஆஹா, கைவேலை' என்று வாங்குகிற ரசனை. முன்னதில் கருப்பூர் பிறந்தது. பின்னதில் என் நண்பரின் மார்புப் பை பிறந்திருக்கிறது.

விமர்சனம் என்பது படித்தவர்களின் ஆடம்பரம், பாவம் உழைக்கும் ஜனங்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு கட்சி உண்டு. இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. தொழில் செய்கிறவர்களிடம் இருக்கும் விமர்சனம் நம்மிடம் இருப்பதைவிடக் கறாரானது. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்ச் பகுதியில் தமட்கா என்ற ஊரின் தண்ணீரில் இரும்பு கூடிவிட்டது. இரும்பு சேர்ந்தால் சாயத்தின் நிறம் மங்கும். அஜ்ரக் அச்சிடும் கத்ரி குடும்பங்கள் பல, இந்தத் தண்ணீர் உதவாது என்று அஜ்ரக்பூர் என்று புதிதாக ஓர் ஊரையே உண்டாக்கிக் குடிபோயின. நம் லேபிள்காரராக இருந்தால் மங்கிய சிவப்புக்கு 'பூகம்பத்தின் தனி அழகு' என்று அட்டை அடித்திருப்பார். அதே கட்ச்சில் 2005-இல் கலா ரக்ஷா வித்யாலயா என்ற பள்ளி ஆரம்பமாயிற்று. ஜூடி ஃப்ரேட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் முயற்சி. நெசவாளிகளும் சாயக்காரர்களும் ஊசிவேலைப் பெண்களும் அங்கே டிசைன் படித்தார்கள். தங்கள் வேலையைத் தங்கள் பெயரில் ஒரு நடுவர் குழுவின் முன்னால் வைத்து நல்லது கெட்டது கேட்டுக்கொண்டார்கள். கேட்டதால் யாரும் செத்துப்போகவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். நான் மதுரையில் மகாலுக்குப் பின்னால் வளர்ந்தவன். பக்கத்து வீட்டு சௌராஷ்டிரப் பாட்டி சுங்குடிக்கு முடிச்சுப் போடுவாள். துணியைக் கிள்ளி எடுத்து நூலைச் சுற்றி இறுக்குவதைப் பார்த்தால் விரல் நகரவே இல்லை என்று தோன்றும். சாயம் ஏறி, காய்ந்து, முடிச்சு அவிழ்த்த புடவைகள் சில நாள் அவள் திண்ணைக்கு வரும். ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "இதப் பாரு தம்பி, இது கட்டினவளுக்கு மனசு இங்க இல்ல. புள்ளின்னா பொட்டாட்டம் நிக்கணும். இது கொசு நசுக்கினாப்ல இருக்கு." இன்னொன்றை எடுத்து, ஒன்றும் சொல்லாமல், மடியில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மௌனமும் ஒரு மதிப்புரைதான் என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது. தான் கட்டியதையே "இது போச்சு" என்று தள்ளி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். அவளுக்கு வேண்டியிருந்தது கூலி. அதைவிடக் கொஞ்சம் குறைவாக, ஆனால் நிச்சயமாக, அந்த இரண்டு புடவைக்கும் வித்தியாசம் தெரிந்த ஓர் ஆள்.

அந்த ஆள் வரவில்லை. சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்தது, பெருமைதான். ஆனால் இன்று கடைவீதியில் சுங்குடி என்று குவிந்து கிடப்பதில் பெரும்பகுதி அச்சில் விழுந்த புள்ளி. முடிச்சுப் போடும் விரல்கள் சொற்பமாகிவிட்டன. அச்சுப் புள்ளி மலிவு என்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. மலிவு மட்டும் ஒரு கலையைக் கொன்றுவிடாது. முடிச்சுப் புள்ளிக்கும் அச்சுப் புள்ளிக்கும், நல்ல முடிச்சுக்கும் மோசமான முடிச்சுக்கும் வித்தியாசம் சொல்லும் பாஷை திண்ணையில் இருந்தது. அது தெருவுக்கு வரவில்லை, பத்திரிகைக்கு வரவில்லை. மதுரையில் எத்தனை எழுத்தாளர்கள்! சுங்குடியைப் பற்றி எழுதியவர்கள் அதன் 'பாரம்பரியம்' பற்றி எழுதினார்கள். ஒரு புடவையைப் பற்றி எழுதியவர் எவரும் என் கண்ணில் படவில்லை.

இயற்கைச் சாயம் என்ற பஜனைக்கும் ஒரு வார்த்தை. சாயவேரில் இருக்கும் அலிசரினும் 1860களின் கடைசியில் ஜெர்மானிய ரசாயனிகள் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய அலிசரினும் ஒரே பொருள். வேரிலிருந்து எடுத்ததில் மற்ற நிறங்களும் கூடவே வந்து சேருவதால் சிவப்பு வேறு மாதிரி ஒலிக்கலாம். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள், கேட்கிறேன். வேர் புனிதம், பீப்பாய் பாவம் என்பது மதம், ரசனை அல்ல. ஆற்றில் கலக்கிற சாயக்கழிவு பற்றிய கவலை நியாயமான வேறொரு கவலை. திருப்பூரின் நொய்யலைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சிறிதாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆற்றைக் காப்பாற்றும் சாயத்தில் தோய்த்தும் அசிங்கமான சட்டை தைக்கலாம், தைக்கிறார்கள்.

நண்பர் கடைசியாகக் கேட்டது: "அப்ப நாங்க வாங்காம இருந்தா அவன் சோத்துக்கு என்ன பண்ணுவான்?" நேர்மையான கேள்விதான். வாங்குங்கள். கூலியைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் சண்டை போடுங்கள். அது நீதி பற்றிய விஷயம்; அதற்கு அழகைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். மோசமாக வரைந்தவருக்கும் நியாயமான கூலி வேண்டும். அதற்காக அவர் வரைந்ததை நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. பாடகர் சுருதி விலகினால், 'தொண்டையால் பாடியது, அப்படித்தான் இருக்கும்' என்று எந்தச் சபாவில் சொல்கிறோம்? சுருதி விலகாதவர்கள் இருப்பது நமக்குத் தெரியும், அதனால் சொல்வதில்லை. துணியிலும் இருக்கிறார்கள். காளஹஸ்தியில் இருக்கிறார்கள், அஜ்ரக்பூரில் இருக்கிறார்கள், மதுரையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இப்போது அவர்களும் அவசரக் கையும் ஒரே லேபிளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள்.

ஆகவே ஒரு யோசனை. இந்தப் பத்திரிகையில் புத்தக மதிப்புரைக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒரு பக்கம் துணிக்குக் கொடுங்கள். ஒரே ஒரு துணி. செய்தவர் பெயர், அவர் சம்மதித்தால். ஊர். சாயம் எது, கருவி எது. எந்த இடம் நன்றாக வந்திருக்கிறது, ஏன். எந்த இடம் போயிற்று, ஏன். டிசைனர் அதில் செய்தது என்ன, கெடுத்தது என்ன. பாரம்பரியம் என்ற சொல்லைப் பயன்படுத்தினால் அந்த மதிப்புரையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முதல் மதிப்புரையை நண்பரே எழுதலாம். அவருக்குக் கண் உண்டு, கவிதையில் பார்த்திருக்கிறேன். சட்டையும் அவரிடம்தான் இருக்கிறது.